பம்பர் பட்டை உடைந்தால் ஒட்டுவதா, மாற்றுவதா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் போட்டதும் நம் வகுப்பில் பாதிப் பேர் ரோபோ பற்றியும் எலக்ட்ரிக் கார் பற்றியும் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். நல்லதுதான். எனக்குக் கொஞ்சம் தெரிந்தது பழைய கார். அதிலும் பம்பர். அதிலும் பம்பரின் மேல் நீளமாக ஓடுமே, அந்தக் கருப்புப் பட்டை. கம்பெனியில் அதை மோல்டிங் என்பார்கள், கடையில் பீடிங் என்பார்கள். நான் பட்டை என்றே எழுதுகிறேன். (பெயிண்ட் கடைக்காரர் சொல்லும் 'பட்டி' வேறு. அது வழித்துப் பூசுவது. அதுவும் பின்னால் வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள மோல்டிங் கம்பெனிகளில் ஒரு பெரிய மெஷின் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் ஒரு பம்பரை வார்த்துத் தள்ளிவிடுகிறது. அதே ரோட்டில், உடைந்த பம்பரை நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டு பழைய கார்கள் ஓடுகின்றன. செய்யும் வித்தை ஒரு பக்கம், சரிபார்க்கும் வித்தை இன்னொரு பக்கம். நம் சிலபஸில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை.

அந்தக் காலத்து அம்பாசடர் பம்பரைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டீல் தகட்டை வளைத்து, நிக்கல் பூசி, அதன் மேல் குரோமியம் பூசியது. இடித்தால் டிங்கர் அதைக் கழற்றிப் பின்பக்கமாகச் சுத்தியால் தட்டி நிமிர்த்துவார். ஆனால் தட்டிய இடம் கொஞ்ச நாளில் துருப்பிடிக்கும். காரணம் என்னவென்றால், பளபளவென்று தெரியும் குரோமியம் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. துருவைத் தடுக்கிற உண்மையான காவல்காரன் அடியில் இருக்கும் நிக்கல்தான். நிமிர்த்தும்போது அந்தப் பூச்சு வெடித்துவிட்டால் மழைத் தண்ணீர் ஸ்டீலைப் பிடித்துக்கொள்ளும். மறுபடியும் பிளேட்டிங் போட்டால்தான் உண்டு.

பெரிய அளவில் விற்ற கார்களில் பிளாஸ்டிக் பம்பரோடு முதலில் வந்தது 1972இல் பிரான்சின் ரெனோ 5. (அதே ரெனோதான் நிசானோடு சேர்ந்து 2010இல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது.) அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலும் ஒரு சட்டம் வந்தது. 1973 மாடல் கார்கள் மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் இடித்தாலும் விளக்கு முதலான பாகங்கள் கெடக் கூடாது என்றார்கள். 1982இல் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில்தான் ரப்பரும் பிளாஸ்டிக்கும் பம்பரில் தாராளமாக ஏறின.

நம் ஊரில் மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். அதன் பல மாடல்களில் பெயிண்டே அடிக்காத கருப்பு பிளாஸ்டிக் பம்பரைப் பார்க்கலாம். உரசினால் தெரியாது, தெரிந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிறகு பம்பரும் பாடி கலரிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அங்கேதான் சிக்கல். ஒரு சின்ன உரசலுக்கும் பெயிண்ட் கடைக்குப் போக வேண்டும். அதனால் பம்பரைவிட ஒரு விரல் வெளியே தள்ளி ஒரு கருப்புப் பட்டையை ஓட்டினார்கள். சுவரில் உரசினால் அது உரசட்டும், பெயிண்ட் தப்பிக்கட்டும் என்று. காலுக்குச் செருப்பு மாதிரி. தேய்வதற்கென்றே வைத்த சாமான் அது. அது தேய்ந்துவிட்டதே என்று மொத்தப் பம்பரையும் மாற்றச் சொல்வது, செருப்பு அறுந்ததற்குக் காலையே மாற்றச் சொல்கிற கதை.

ஆனால் ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். நாம் வெளியே பார்ப்பது பம்பரின் தோல்தான். அதற்குப் பின்னால் பெரும்பாலான கார்களில் குறுக்காக ஒரு இரும்பு பீம் இருக்கும். சில கார்களில் இரண்டுக்கும் நடுவில் நுரை பிளாஸ்டிக் கட்டை ஒன்றும் இருக்கும். அடியை வாங்குவது இவைதான். ஐரோப்பிய பம்பர் விதியான ஆர்42 டெஸ்ட்கூட நேராக இடிப்பதற்கு மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம்தான் வைக்கிறது. நாம் நடக்கிற வேகம்! அதற்கு மேல் இடித்திருந்தால் தோலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள். பீம் மடங்கியிருந்தால், பிராக்கெட் பிய்ந்திருந்தால், பட்டைப் பேச்சை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சிலர் உடைந்த பம்பரை மறைக்க முன்னால் ஒரு இரும்புக் குழாய் கார்டு மாட்டிவிடுவார்கள். பார்க்க கம்பீரமாக இருக்கும். அது நேராகச் சேஸிஸில் ஏறுவதால் இடியின் வேகத்தை உறிஞ்சாமல் அப்படியே உள்ளே கடத்திவிடும், ரோட்டில் நடக்கிறவருக்கும் ஆபத்து. அதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே அந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

எந்த பிளாஸ்டிக்?

ஒட்டுவதா மாற்றுவதா என்ற கேள்விக்குப் பாதி விடை பம்பரின் முதுகில் அச்சிட்டே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் திருப்பிப் பார்த்திருக்கிறோம்? உள்பக்கம் > < என்ற இரண்டு குறிகளுக்கு நடுவில் பி.பி., பி.பி. + ஈ.பி.டி.எம்., ஏ.பி.எஸ். என்று ஏதாவது ஒன்று ஆங்கில எழுத்தில் இருக்கும். கடைசியில் டி.டி.20 என்று இருந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் தூள், அதாவது நாம் முகத்துக்குப் போடும் பவுடரின் தாய்ப்பொருள், கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

பம்பரின் தோல் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதோடு ஈ.பி.டி.எம். ரப்பர் கலந்திருப்பார்கள், உடையாமல் வளைந்து கொடுப்பதற்காக. இந்தப் பாலிபுரொப்பிலீனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பசையும் அதில் லேசில் பிடிக்காது. வாழை இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவது மாதிரி, பசை அதன் மேல் பரவாமல் ஒதுங்கி நிற்கும். சர்ஃபேஸ் எனர்ஜி குறைவு என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான். ஃபெவிக்விக், அரால்டைட், எம்-சீல் எல்லாமே நல்ல சரக்குதான். ஆனால் இந்த இடத்துக்கு இல்லை. ஒட்டிய அன்று நன்றாக இருக்கும், ஒரகடம் ரோட்டு ஸ்பீட் பிரேக்கரில் நாலு தடவை குலுங்கினால் தகடு தகடாக உரிந்து வந்துவிடும். பெயிண்ட் கடையில் போடும் பட்டியும் அப்படியே. பம்பர் வளையும், பட்டி வளையாது, வெடித்துவிடும். தொழிற்சாலையிலேயே பெயிண்ட் அடிப்பதற்கு முன் நெருப்பு ஜ்வாலையை மேலே ஓட்டியோ தனி பிரைமர் அடித்தோதான் அதைப் பிடிக்க வைக்கிறார்கள்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் என்ன செய்வது? ஒரு சின்னத் துண்டைச் சீவித் தண்ணீரில் போடு, மிதந்தால் பி.பி., மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. சுத்தமான பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.9, மிதக்கும். குடம் செய்கிற பாலிஎத்திலீனும் மிதக்கும். ஆனால் இருபது பங்கு டால்க் கலந்த பி.பி. தண்ணீரைவிடக் கொஞ்சம் கனத்துவிடும், மூழ்கிவிடும். எனவே மூழ்கினதாலேயே பி.பி. இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்பகமான வழி, அதே காரின் இன்னொரு துண்டை உருக்கி மறைவான இடத்தில் வைத்துப் பார்ப்பது. ஆறிய பிறகு பிய்த்தாலும் வரவில்லை என்றால் இரண்டும் ஒரே ஜாதி. கொளுத்தி மோந்து பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். பட்டை பி.வி.சி.யாக இருந்துவிட்டால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

சித்தப்பாவின் ஐகான்

இனி கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்படி ஒருவன் வீட்டில் இருந்தால் மிக்ஸியிலிருந்து ரேஷன் கார்டு வரை எல்லாவற்றையும் அவனிடம்தான் கேட்பார்கள். சித்தப்பாவிடம் 2004 மாடல் ஃபோர்டு ஐகான் இருக்கிறது. மூன்றாவது கை. அதில்தான் விடியற்காலை ஐந்து மணிக்கு மாத்தூர் பக்கம் கம்பெனிப் பையன்கள் தங்கும் ரூம்களுக்கு இட்லி, பொங்கல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போவார். கார் நின்றால் அன்றைக்கு வியாபாரம் இல்லை.

2024இல் அந்தக் காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ரினீவல் வந்தது. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியது, எங்க ஊர்ல அதையும் எஃப்.சி. என்றுதான் சொல்வோம். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆகிவிட்டது. தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, நிறுத்தி வைத்திருந்த காரில் ஒரு டிப்பர் ரிவர்ஸ் எடுத்து உரசிவிட்டுப் போய்விட்டது. பின் பம்பரில் வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. பட்டை ஒரு பக்கம் பிய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கம்மா பார்த்துவிட்டு, "காருக்கு ஒதடு கிழிஞ்சிருக்குடா" என்றார். தொங்கும் பம்பரோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு ஒர்க்ஷாப்பில் பம்பரை மாற்றி பெயிண்டும் அடிக்க 9,500 ரூபாய் கேட்டார்கள். அதுவும் சரக்கு கிடைத்தால்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐகான் நம் பக்கத்து மறைமலை நகரில் பிறந்த கார்தான், 1999இல் வந்தது. அது நின்று பல வருஷம் ஆகிறது. ஃபோர்டும் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் மறைமலை நகரில் நிறுத்தியது. இருபது வருஷக் காரின் பட்டைக்காக யார் ஸ்டாக் வைத்திருப்பார்கள்?

"டேய், டிப்ளமா படிக்கிற. ஒட்டணுமா மாத்தணுமான்னு நீயே சொல்லு" என்றார் சித்தப்பா.

கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பீம் நேராக இருந்தது. பம்பரைப் பாடியோடு பிடிக்கும் காதுகள் எல்லாம் முழுசாக இருந்தன. என் கணக்கில் முடிவு செய்வது இந்தக் காதுகள்தான். தோலின் நடுவில் எவ்வளவு நீள வெடிப்பு என்றாலும் உருக்கிச் சேர்த்துவிடலாம். காது பிய்ந்திருந்தால், பாரம் முழுவதும் அந்த இடத்தில் தொங்குவதால், சேர்த்தாலும் நிற்பது சந்தேகம். அந்த மாதிரி பம்பரை மாற்றுவதே மேல். பட்டையின் நிலைமை நேர்மாறு. அது மடங்கி, மடங்கிய இடம் வெள்ளையாகப் பூத்து, இரண்டு கிளிப் கூடுகளும் நொறுங்கியிருந்தன. ஆகவே பம்பரைச் சேர்ப்பது, பட்டையை மாற்றுவது என்று முடிவு.

பம்பரைச் சேர்க்க நான் போனது எந்த ஒர்க்ஷாப்புக்கும் இல்லை. தெருத் தெருவாகப் பிளாஸ்டிக் குடம், பக்கெட் ஒட்டித் தரும் அண்ணன் ஒருவரிடம் போனேன். நம் மேனுஃபாக்சரிங் பேப்பரில் பிளாஸ்டிக் வெல்டிங் என்று வரும் விஷயத்தை அவர் கரி அடுப்பில் காய்ச்சிய கம்பியால் செய்துகொண்டிருக்கிறார். அவருடைய கைப் பக்குவம், என்னுடைய சோல்டரிங் அயர்ன், இரண்டும் சேர்ந்து வேலை நடந்தது.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைக்க வேண்டும். பிறகு வெடிப்பு முடிகிற முனையில் 3 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு ஓட்டை போட வேண்டும். ஒட்டப் போகிற இடத்தில் எதற்கு ஓட்டை என்று அண்ணன் கேட்டார். வெடிப்பின் கூர்முனையில்தான் ஸ்ட்ரெஸ் எல்லாம் குவியும், முனையை வட்டமாக்கினால் அது பரவிவிடும், வெடிப்பு மேலே ஓடாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் மார்க்குக்காகப் படித்தது அன்றைக்குத்தான் கையில் வந்தது. அடுத்து வெடிப்பின் இரண்டு ஓரத்தையும் ஹாக்ஸா பிளேடால் சுரண்டி வி வடிவப் பள்ளம் ஆக்கினோம். முன்பக்கம் டேப் ஒட்டி மட்டம் பார்த்துக்கொண்டு, பின்பக்கம் துரு ஏறாத ஸ்டீல் வலைத் துண்டைச் சூடாக்கி உள்ளே அமுக்கினோம். கட்டிடத்துக்குக் கம்பி கட்டுவது மாதிரி, பிளாஸ்டிக்குக்கு அது கம்பி.

பள்ளத்தை நிரப்ப அதே ஜாதிப் பிளாஸ்டிக் வேண்டும். பழைய குடத்தை வெட்டிப் போடலாமே என்றார் அண்ணன். குடம் பாலிஎத்திலீனாக இருந்தால் பாலிபுரொப்பிலீனோடு சரியாகக் கலக்காது. அதனால் உடைந்த வேறு ஒரு பம்பரிலிருந்து, முதுகில் இருக்கும் எழுத்தைப் பார்த்து, பென்சில் அளவுக்குக் கீற்று வெட்டிக்கொண்டோம். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியைத் தாண்டினால் உருகும். வெல்டிங்கில் தந்திரம் முழுவதும் சூட்டில் இருக்கிறது. நிரப்புகிற கீற்று மட்டும் உருகினால் போதாது, அடியில் இருக்கும் பம்பரும் பளபளத்து ஈரம் மாதிரித் தெரிய வேண்டும். அண்ணன் அதைப் 'பாகு பதம்' என்கிறார். இதைவிட நல்ல வார்த்தை எந்த டெக்ஸ்ட் புக்கிலும் நான் பார்க்கவில்லை. பழுப்பாகிப் புகை வந்தால் சூடு மிஞ்சிப்போச்சு, அந்த இடம் பிறகு பொடியும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, தானாக ஆற வேண்டும். வேலை முழுவதும் வெட்டவெளியில்தான் நடக்க வேண்டும். மேலே தேய்த்து மட்டமாக்கி, பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கும் பிரைமர் அடித்து, அதன் மேல் கலர். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். இட்லி வாங்குகிறவர்கள் யாரும் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை.

பட்டையைத் தேடி நானும் சித்தப்பாவும் தாம்பரம் போய் ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தோம். சென்னையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம். மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் ஒரு நாளாவது அங்கே நடந்து பார்க்க வேண்டும், மியூசியம் தோற்றுவிடும். பட்டை வாங்கும்போது மாடல், வருஷம், இடதா வலதா என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். உடைந்த பட்டையைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, கிளிப் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா, வளைவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். கூடுகள் முழுசாக இருக்கிறதா என்பது முக்கியம். நிறம் வெளுத்திருப்பது முக்கியமே இல்லை. 400 சொன்னார், 250க்கு வந்தார். புதுக் கிளிப் பாக்கெட் ஒன்றும் வாங்கினோம். பழைய கிளிப்பை மறுபடி போடக் கூடாது. இத்தனை வருஷ வெயிலில் அது அப்பளமாகியிருக்கும்.

வெளுத்த கருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலைச் சிதைப்பதால்தான் பட்டை சாம்பல் பூக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் இரண்டு நாளைக்குப் பளபளக்கும், மூன்றாம் நாள் ஒரகடத்துப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டியிருக்கும். ஹாட் ஏர் கன்னை ஓட்டினாலும் கருப்பு திரும்பும், சில மாதத்தில் போய்விடும். பிளாஸ்டிக் பிரைமரும் மேட் பிளாக் பெயிண்டும்தான் நிலைக்கும்.

கிளிப்போடு சில பட்டைகளில் இரண்டு பக்கமும் ஒட்டும் நுரை டேப்பும் இருக்கும். பழைய டேப்பைப் பிரிக்க ஸ்குரூ டிரைவரைப் போட்டு நெம்பாதீர்கள், பம்பர் பெயிண்டும் கூடவே வரும். மீன் தூண்டில் நரம்பைப் பட்டைக்குப் பின்னால் விட்டு இரண்டு கையாலும் ரம்பம் மாதிரி இழுத்தால் டேப் நடுவில் அறுபட்டுக் கழன்றுவிடும். வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் டேப் இளகும், நம் ஊர் மே மாசத்தில் ஹீட் கன் தேவையே இல்லை. மிச்சப் பிசினை எடுக்க தின்னர் வேண்டாம், பெயிண்டையும் ஏ.பி.எஸ். பட்டையையும் தின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். புது டேப் ஒட்டினால் அழுத்தம் கொடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டினவுடன் பாதிப் பலம்தான் இருக்கும், முழுப் பலத்துக்கு 72 மணி நேரம் ஆகும். அதற்குள் வாட்டர் சர்வீஸ் விட்டால் பட்டை கையோடு வந்துவிடும்.

இந்த மூன்று நாளைக் கணக்கில் வைத்துத்தான் நாங்கள் வேலையை எட்டாம் நாளே முடித்தோம். செலவு பட்டை, கிளிப், டேப், பிரைமர், பெயிண்ட், அண்ணன் கூலி, ரயில் எல்லாம் சேர்த்து 1,640 ரூபாய். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் பம்பரைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார், அடுத்து லைட்டைப் போடச் சொன்னார்.

எல்லாப் பம்பருக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாருதி 800 மாதிரி சாமான் தாராளமாகக் கிடைக்கிற காருக்கு ஒரு நாளை வெல்டிங்கில் கழிப்பதைவிடப் புதுசு வாங்கி மாட்டிவிட்டுப் போவது புத்திசாலித்தனம். ஆனால் அதையும் முதுகைத் திருப்பிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கிளிப் பாக்கெட்டில் இன்னும் ஏழு மிச்சம் இருக்கிறது. பழைய ஐகான் வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ யாருக்காவது இருந்தால் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு 'பி' செக்ஷனில் வந்து கேளுங்கள், காசு வேண்டாம்.